உருளைக்கிழங்கு மசியலும் கைமாவும், ஓவனில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கியவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாள் கேக் போட்டுவிட்டு, அப்புறம் அதன் மேல் துணி விரித்து மிக்ஸி ஜாரை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் துணியை எடுக்க வைக்கிற பதார்த்தம் இது. கீழே நன்றாக வற்ற விட்ட கைமா, மேலே வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, அதன் முகடுகள் பொன்னிறமாக முறுகும் வரை ஓவன், அவ்வளவுதான். விருந்தாளி வரும் நாளில் மேசை நடுவில் வைத்தால் பிரியாணி அண்டாவுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்கும் கிடைக்கும். செய்யப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதையும், கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஷெப்பர்ட்ஸ் பை, காட்டேஜ் பை என்று என்னென்னவோ சொல்கிறார்களே, இது எது?

எல்லாம் ஒரே குடும்பம். இங்கிலாந்தில் இப்போதைய வழக்குப்படி ஆட்டுக்கறி வைத்தால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி வைத்தால் காட்டேஜ் பை. காட்டேஜ் பை என்ற பெயர் 1791லேயே எழுத்தில் வந்துவிட்டது, மற்றது 19ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, அதுவரை எந்தக் கறி என்று யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை. பிரான்சில் இதற்கு ஆஷி பார்மாந்தியே என்று பெயர். பார்மாந்தியே (1737–1813) ஒரு மருந்தாளர், ஏழாண்டுப் போரின்போது பிரஷ்யாவில் சிறைப்பட்டு அங்கே உருளைக்கிழங்கு தின்றே உயிர் பிழைத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அப்போது அதை பன்றித் தீனி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், இவர் ஊர் திரும்பி வாழ்நாளெல்லாம் அதற்குப் பிரச்சாரம் செய்தார். அர்ஜென்டினாவில் இதே பதார்த்தத்துக்குள் ஆலிவ், அவித்த முட்டை, சில வீடுகளில் உலர்திராட்சையும் போடுவார்கள்.

நம் பக்கத்திலும் இது புதுசு இல்லை. ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர் வீட்டு பொட்டேட்டோ சாப்ஸ் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கு இது தெரிந்த ருசிதான். அதில் கிழங்கு மசியலுக்குள் கைமாவைப் பொதிந்து, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். இங்கே பொரிப்பதற்குப் பதில் பேக் செய்கிறோம்.

நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு மூன்று வகைக் கிழங்கு குவித்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

பழைய கிழங்கு. இதுதான் பாதி வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிழங்கில் மாவுச்சத்து கூடுதலாக உள்ளது, நீர் கூடுதலாக உள்ளது என்று இரண்டு ரகம் உண்டு. தோல் மெல்லிசாக, நகத்தால் கீறினாலே உரிந்து வருகிற புதுக்கிழங்கில் நீர்தான் அதிகம், பொரியலுக்கும் குருமாவுக்கும் அது அருமை, துண்டு துண்டாக உடையாமல் நிற்கும். மசியலுக்கு அது ஆகாது, எவ்வளவு மசித்தாலும் ஈரமாகவே இருக்கும். தோல் கொஞ்சம் தடிப்பாக, சொரசொரப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கிற முற்றிய கிழங்கு வேண்டும், வெந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். ஊட்டியா, ஆக்ராவா, கோலாரா என்று கடைக்காரரிடம் விசாரிப்பதைவிட 'மாவாட்டம் உதிரும் கிழங்கு எது' என்று கேளுங்கள், காட்டிவிடுவார்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு கப் கல்லுப்பில்லை, தூளுப்பு எடுத்து 11 கப் தண்ணீரில் கரையுங்கள். பச்சைக் கிழங்கை அதில் போட்டால் மாவுச்சத்து மிகுந்தது முழுகும், நீர்க்கிழங்கு மிதக்கும். ஒரு கிழங்கை வைத்துப் பார்த்தால் போதும், மொத்த மூட்டையும் முக்க வேண்டாம்.

இன்னொன்று, உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், மசியல் தித்திக்கும், ஓவனில் சீக்கிரம் கருகும். முளை விட்டதும் பச்சை தட்டியதும் எந்தச் சமையலுக்கும் வேண்டாம்.

குக்கரில் நாலு விசில் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. சரிதானே?

மிக்ஸி கூடவே கூடாது. கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வெந்து உப்பிய மாவுச்சத்து இருக்கிறது. மெதுவாக மசித்தால் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும், அவ்வளவுதான். பிளேடில் போட்டால் செல் கிழிந்து உள்ளே இருக்கிற மாவு வெளியே வழிந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை போல ஆகிவிடும். அதற்கு அப்புறம் வெண்ணெய் போட்டாலும் பால் ஊற்றினாலும் மீட்க முடியாது.

நம் வீட்டிலேயே இதற்கென்று செய்த மாதிரி ஒரு கருவி இருக்கிறது, இடியாப்ப அச்சு. சூடான கிழங்கை அதில் போட்டு அகலமான தட்டில் பிழியுங்கள், கட்டி ஒன்றுகூட இருக்காது. வெளிநாட்டு சமையல்காரர்கள் ரைசர் என்று காசு கொடுத்து வாங்குவது கிட்டத்தட்ட இதே சாமான்தான். கிழங்கு ஆறிவிட்டால் பிழிய கை வலிக்கும், அதனால் சூட்டோடு சூடாக.

வேக வைப்பதிலும் ஒரு விஷயம். தோல் சீவித் துண்டாக்கி தண்ணீரில் போட்டால் கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். தோலோடு, இரண்டாக மட்டும் வெட்டி, குக்கர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் வைத்து, அடியில் மட்டும் தண்ணீர் விட்டு ஆவியில் வேக வையுங்கள். கத்தி குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். தோலை உரித்து, பிழிந்த பிறகு அடிகனமான சட்டியில் போட்டு சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறினால், முதலில் குப்பென்று ஆவி வரும், அப்புறம் அது அடங்கி சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு படியும். அந்த ஏடு தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

வெண்ணெய், பால் எல்லாம் எவ்வளவு?

ஒரு கிலோ கிழங்குக்கு 75 கிராம் வெண்ணெய், 100 மில்லி பால், உப்பு, வெள்ளை மிளகுத்தூள், ஜாதிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை. முதலில் வெண்ணெயைச் சேர்த்துக் கலந்துவிட்டு, அப்புறம் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் மசியல் இறுகிவிடும். நெய் போடலாமா என்றால் போடலாம், ஆனால் நெய்யின் வாசனை கைமாவோடு மல்லுக்கு நிற்கும், எனக்குப் பிடிக்காது.

மசியலை அச்சில் பிழிந்து பூ மாதிரி நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பாலைக் குறைத்து 3 முட்டையின் மஞ்சள் கருவைச் சேருங்கள். மசியல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் கருவைச் சேர்க்க வேண்டும், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் வெந்து திரிந்துவிடும். ஓவன் சூட்டில் கரு இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறமும் நன்றாக வரும். பிரெஞ்சு சமையலில் டச்சஸ் என்கிற உருளைக்கிழங்கு முறை இதுதான்.

கைமா வாங்கும்போது கறிக்கடையில் என்ன சொல்ல வேண்டும்?

'பாய், தொடைக்கறி அரைக் கிலோ, எலும்பு நீக்கி, கழுவிட்டு கொத்திக் குடுங்க.' கழுவிட்டு என்பதுதான் இதில் முக்கியம். நம் வீடுகளில் கறியைக் கழுவாமல் யாருக்கும் மனசு வராது, ஆனால் கொத்திய பிறகு கழுவினால் கைமா ஸ்பாஞ்சு கணக்காகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வாணலியில் போட்டதும் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவியும். முழுத் துண்டாக இருக்கும்போது கழுவி, துணியால் ஒற்றி, அப்புறம் கொத்தச் சொல்லுங்கள். கடையில் முடியாது என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி நீங்களே கத்தியால் பொடியாக வெட்டுங்கள், ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் வெட்ட சுலபம்.

மெஷினில் அரைத்ததா, கத்தியால் கொத்தியதா? நான் கத்திக் கட்சி. மெஷினில் அரைத்தது ஓவனிலிருந்து வரும்போது களிபோல ஒட்டிக்கிடக்கும், கொத்தியது பல்லில் தட்டுப்படும். கொழுப்பு சுத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் கைமா வறளாது.

மாட்டுக்கறி, கோழிக்கறி வைக்கலாமா?

மாட்டுக்கறி தாராளமாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் நல்ல கறி கிடைக்கும், ஆட்டுக்கறியைவிட வேகக் கூட நேரம் எடுக்கும், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விட்டு மூடி முக்கால் மணி நேரமாவது வேக விடுங்கள். கோழி என்றால் நெஞ்சுக்கறியை விட்டுவிட்டு தொடைக்கறியைக் கொத்துங்கள். நெஞ்சுக்கறி இரண்டு முறை சூடு பட்டால் நார்நாராகிவிடும்.

பக்ரீத் முடிந்த மறுநாள் வீட்டில் மீந்திருக்கும் வெந்த கறியைப் பிய்த்துப் போட்டும் செய்யலாம். இங்கிலாந்தில் இந்தப் பதார்த்தமே அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை சுட்ட கறியில் மிச்சம் இருந்ததை மறுநாள் நறுக்கிப் போட்டு மேலே கிழங்கை மூடுவார்கள். ஏற்கெனவே வெந்தது என்பதால் மசாலாவில் பத்து நிமிடம் புரட்டினால் போதும்.

மசாலா நம்ம ஊர் மாதிரி போடலாமா, இல்லை வெள்ளைக்காரன் மாதிரி சப்பென்று இருக்க வேண்டுமா?

சப்பென்று இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கரம் மசாலாவைக் கொட்டி சால்னா ஆக்கிவிட்டால் மேலே இருக்கிற வெண்ணெய் மசியலின் ருசி காணாமல் போய்விடும். நடுவழி ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியில் மிளகாய்த்தூள் போடுவதில்லை, காய்ந்த மிளகாயை ஊற வைத்து விழுதாக அரைத்துப் போடுவார்கள், மசாலாப் பொருளும் குறைவுதான், பூண்டும் அந்த மிளகாய் விழுதும்தான் முன்னால் நிற்கும். அந்த முறை இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

அரைக் கிலோ கைமாவுக்கு 6 அல்லது 7 காய்ந்த மிளகாயை விதை உதிர்த்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து மையாக அரையுங்கள். எண்ணெயை நன்றாகக் காய வைத்து, கைமாவை வாணலி முழுக்கப் பரப்பி, தீயைக் கூட்டி வைத்து, இரண்டு மூன்று நிமிடம் கரண்டியைத் தொடாமல் இருங்கள். அடிப்பக்கம் பழுப்பேறி வாசம் வரும், அப்போது புரட்டுங்கள். இந்த நிறம் வராமல் ருசி வராது. கைமாவை எடுத்து வைத்துவிட்டு அதே வாணலியில் ஒரு பட்டை, இரண்டு கிராம்பு, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, சிவந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது (பூண்டு தூக்கலாக), துருவிய கேரட் ஒன்று, மிளகாய் விழுது, சின்னத் தக்காளி ஒன்று, எண்ணெய் பிரியும் வரை. இப்போது ஒரு தேக்கரண்டி மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறி, கைமாவைத் திரும்பப் போட்டு, ஒரு டம்ளர் வெந்நீரோ எலும்பு வேக வைத்த தண்ணீரோ ஊற்றி, மூடி சிறு தீயில் அரை மணி நேரம். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு வற்ற விடுங்கள்.

எவ்வளவு வற்ற வேண்டும் என்பதற்கு ஒரே சோதனை. கரண்டியால் வாணலி நடுவில் ஒரு கோடு இழுங்கள். இழுத்த பாதையில் தண்ணீர் வந்து நிறைந்தால் இன்னும் ஆகவில்லை. பாதை அப்படியே நின்று, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் மட்டும் மெல்ல எட்டிப் பார்த்தால் இறக்கிவிடலாம். இறக்கியதும் கொத்தமல்லி, கொஞ்சூண்டு புதினா, மிளகு. பட்டை, கிராம்பைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், விருந்தாளி பல்லில் கிராம்பு அகப்படுவது அழகில்லை.

வொர்செஸ்டர்ஷயர் சாஸ் கட்டாயமா?

இல்லை. அதில் இருப்பதைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும்: வினிகர், வெல்லப்பாகு, நெத்திலிக் குடும்பத்து மீன், வெங்காயம், பூண்டு, அப்புறம் புளி. ஒரு சுண்டைக்காய் அளவு புளியைக் கரைத்து, துளி வெல்லம் சேர்த்து, தண்ணீர் ஊற்றும் நேரத்தில் விட்டால் அந்த வேலை நடந்துவிடும். பாட்டில் வீட்டில் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், இதற்காகவே தேடிப் போய் வாங்க வேண்டாம்.

அடுக்குவது எப்படி? ஓவன் சூடு எவ்வளவு?

இரண்டு லிட்டர் கொள்கிற கண்ணாடி பேக்கிங் பாத்திரம் இந்த அளவுக்குச் சரியாக இருக்கும், ஆறு பேர் சாப்பிடலாம். கைமாவைப் பரப்பி லேசாக அழுத்தி, முழுக்க ஆற விடுங்கள். சூடான கைமா மேல் மசியலை வைத்தால் அது உள்ளே புதைந்துபோகும். மசியலை நடுவில் கொட்டிப் பரப்பாமல், ஓரத்திலிருந்து கரண்டி கரண்டியாக வைத்து பாத்திரத்தின் விளிம்போடு ஒட்டி அடைத்துக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். விளிம்பில் இடைவெளி விட்டால் கைமாவின் எண்ணெய் அந்த வழியாகக் கொதித்து மேலே ஏறி வெள்ளை மசியலில் சிவப்புக் கறை படியும். முள்கரண்டியால் மேலே வரி வரியாக இழுங்கள். அந்த வரிகளின் முகடுதான் முறுகப் போகிறது. உருக்கிய வெண்ணெயைத் தடவி, 10 நிமிடம் முன்பே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓடிஜியில் முதல் 20 நிமிடம் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும், அப்புறம் மேல் கம்பி மட்டும் வைத்து பாத்திரத்தை ஒரு தட்டு மேலே ஏற்றுங்கள். மைக்ரோவேவ் என்றால் கன்வெக்ஷன் உள்ளதாக இருக்க வேண்டும், வெறும் மைக்ரோவேவில் சூடாகும், சிவக்காது.

வெளியே எடுத்து 10 நிமிடம் அப்படியே விடுங்கள். உடனே கரண்டி போட்டால் எல்லாம் சரிந்து கூட்டாகிவிடும்.

நான் செய்தபோது அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஏன்?

மேலே சொன்ன மூன்றில் ஒன்று: கொத்திய பிறகு கழுவிய கைமா, போதுமான அளவு வற்றாத மசாலா, அல்லது தண்ணீரில் போட்டு அவித்த கிழங்கு. நான்காவதாக உறைபட்டாணியை ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொட்டினாலும் இப்படி ஆகும். பட்டாணி போட்டே ஆக வேண்டும் என்றால் கரைய விட்டு, வடித்து, வாணலியில் ஒரு புரட்டு புரட்டிப் போடுங்கள். மேலே எவ்வளவு பூ வேலை செய்தாலும் வெட்டும்போது தட்டில் தண்ணீர் ஓடினால் அந்த வேலை வீண்.

ஓவனே இல்லை. வேறு வழி?

இருக்கிறது. குக்கரில் உப்பு கொட்டி கேக் செய்கிற முறை இதற்கு உதவாது, அடியில் மட்டும் சூடு வருவதால் மேல்பாகம் வெளிறிக் கிடக்கும். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு தம் போடும்போது அண்டா மூடி மேல் தணல் அள்ளிப் போடுவார்களே, அந்த வழிதான் சரி. அடிகனமான அலுமினியச் சட்டியில் ஒரு வளையம் வைத்து, அதன் மேல் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கியதை வைத்து, தட்டையான கனத்த இரும்பு மூடி போட்டு, மூடி மேல் கொட்டாங்குச்சித் தணலைப் பரப்புங்கள். அடியில் சிறு தீ போதும். மசியலுக்கும் மூடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் சூடு எட்டாது. 25 நிமிடத்தில் முகடுகள் சிவந்துவிடும், லேசான கரி வாசமும் ஏறும், அது ஓடிஜியில் வராது. இதை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ செய்யுங்கள், மூடிய சமையலறைக்குள் தணல் வேண்டவே வேண்டாம்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் சின்னக் கிண்ணங்களில் அடுக்கி 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

ஹோட்டல் மாதிரி அழகாக வைக்க வேண்டும். பிழிகிற பைப்பிங் பை, ரமேகின் என்கிற சின்ன பேக்கிங் கிண்ணம் எல்லாம் வாங்கணுமா?

ஒன்றும் வேண்டாம். முறுக்கு அச்சில் ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள வில்லையைப் போட்டு, கரு சேர்த்த மசியலை நிரப்பிப் பிழியுங்கள். சுற்றிச் சுற்றி மேலே குவித்து நிறுத்தினால் ரோஜா, நீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்தால் கயிறு வேலை. மசியல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிந்துவிடுங்கள். பிழிந்ததை 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் கருவைப் பாலில் அடித்து பிரஷ்ஷால் மெல்லத் தொட்டு ஓவனில் வையுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூவின் இதழ் மழுங்கிவிடும்.

தனித்தனியாகப் பரிமாற காப்பி குடிக்கிற எவர்சில்வர் டபரா அருமையான பாத்திரம். ஆளுக்கு ஒரு டபரா, கீழே கைமா, மேலே ஒரு ரோஜா. கவிழ்த்து வைக்கப் போகிறீர்கள் என்றால் வேறு மாதிரி: டபராவுக்குள் வெண்ணெய் தடவி ரொட்டித்தூளைத் தூவி, மசியலை அடியிலும் பக்கத்திலும் விரல் தடிமனுக்கு ஒட்டி, நடுவில் கைமா நிரப்பி, மேலே மசியலால் மூடி பேக் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆற விட்டு, கத்தியை ஓரமாக ஓட்டி, தட்டில் கவிழ்த்தால் முழுசாக நிற்கும். வெட்டினால்தான் உள்ளே கைமா தெரியும். இதற்கும் மசியலில் கரு கட்டாயம்.

இன்னும் ஆடம்பரம் வேண்டுமா, ரோல் செய்யுங்கள். சுத்தமான வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரு போட்ட மசியலோடு இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்துப் பிசைந்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு நீள்சதுரமாகத் தட்டுங்கள். ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு கைமாவைப் பரப்பி, நடுவில் அவித்த முட்டைகளை வரிசையாக வைத்து, துணியைத் தூக்கித் தூக்கிச் சுருட்டுங்கள், பாயைச் சுருட்டுவதுபோல் கையால் உருட்டினால் விண்டுபோகும். இணைப்பு அடியில் வருமாறு தட்டில் மாற்றி, வெண்ணெய் தடவி, ரொட்டித்தூள் தூவி 200 டிகிரியில் 35 நிமிடம். கத்தியை நனைத்து நனைத்து வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் வெள்ளை, சிவப்பு, நடுவில் மஞ்சள் தெரியும். கிறிஸ்துமஸ் மேசைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முள்ளுக் கத்திரிக்காய் சேர்க்கலாம் என்கிறார்களே?

சேர்த்தால் பிரமாதம். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சதைப்பற்றான காய் அது. ஒரு சென்டிமீட்டர் வில்லையாக வெட்டி, உப்புத் தடவி 20 நிமிடம் வைத்து, வெளியே வரும் தண்ணீரைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெயில் இரு பக்கமும் சிவக்க வறுத்து, கைமாவுக்கு அடியில் ஒரு அடுக்காகப் பரப்புங்கள். கிரேக்கர்களின் மூசாக்காவிலும் கத்திரிக்காயும் கைமாவும் இப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் கேட்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கூட்டணியை நான் விளக்க வேண்டியதில்லை.

மேலே சீஸ்?

என் ஓட்டு இல்லை. சீஸ் உருகி வரிகளை மூடிவிடும், முறுகலும் போய்விடும். பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் மசியலுக்குள் துருவிக் கலந்துவிடுங்கள்.

முந்தின நாளே செய்து வைக்கலாமா? மே மாதத்தில் இங்கே அடிக்கிற வெயிலுக்குக் கெட்டுப்போகாதா?

செய்து வைக்கலாம், செய்வதே நல்லது, கைமாவின் ருசி ஒரு ராத்திரி ஊறினால் இன்னும் கூடும். ஆனால் வெயில் விஷயத்தில் கவனம் வேண்டும். 32 டிகிரிக்கு மேல் சூடு இருக்கிற இடத்தில் சமைத்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, நமக்கோ மே மாதத்தில் 40ஐத் தாண்டும். கைமாவை வாணலியிலேயே ஆற விடாமல் அகலமான தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் சீக்கிரம் ஆறும், உடனே அடுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும். அதற்காக ஒரு மணி நேரம் வெளியே வைப்பதும் சரியில்லை. முதலிலேயே எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஃபாயில் போட்டு மூடி 180 டிகிரியில் 25 நிமிடம், ஃபாயிலை எடுத்துவிட்டு 200 டிகிரியில் இன்னொரு 20 நிமிடம். நடுவில் கத்தியை இறக்கி பத்து எண்ணி எடுத்து மணிக்கட்டில் தொட்டால் சுரீரென்று சுட வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் உள்ளே வையுங்கள். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள், ஓவனுக்குள் இருக்கும் சூடு கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். சின்ன ஓடிஜியாக இருந்தாலும் 15 ஆம்ப் பிளக்கில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் கயிறு வேண்டாம்.

கறி சாப்பிடாதவர்களுக்கு?

மீல்மேக்கரை வெந்நீரில் ஊற வைத்து, ஒட்டப் பிழிந்து, கொத்தி இதே மசாலாவில் செய்யலாம். காளான் அதைவிட ருசி, ஆனால் அதன் தண்ணீர் முழுக்க வற்றும் வரை பொறுமை வேண்டும். மசியலில் முட்டையும் வேண்டாம் என்றால் கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி.

கூட என்ன வைப்பது? மிச்சமானால்?

கூட எதுவும் கனமாக வேண்டாம். வெங்காயம், வெள்ளரிக்காய், எலுமிச்சைச் சாறு பிழிந்த பச்சடி போதும், பன் ரொட்டிகூடத் தேவையில்லை. இதற்குப் பிறகு ஆற்காடு மக்கன்பேடாவும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வயிறு அவர்கள் பாடு.

மிச்சமானதை மறுநாள் காலை கைமாவும் மசியலுமாகச் சேர்த்துப் பிசைந்து, வடையளவு தட்டி, முட்டையில் தோய்த்து ரவையில் புரட்டி தோசைக்கல்லில் சுட்டெடுங்கள். கட்லெட் ஆகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தட்டினால்தான் உடையாமல் வரும்.